கதவுக்கு மேலே மாப்பிள்ளை

1

போன வாரத்திலிருந்து வேலைக்குப் பின்வாசல் வழியாத்தான் போறேன். அடுப்படிக்குக் காய்கறி இறக்குற வழி அது. முன்வாசல்ல என் போட்டோ தொங்குது. மாலை போட்ட போட்டோ இல்ல, பயந்துராதீங்க. நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல மாசத்துக்கு ஒரு ஆளைப் பொறுக்கி எடுத்து, பல்லைக் காட்டச் சொல்லிப் படம் பிடிச்சு, வரவேற்பறைச் சுவத்துல மாட்டுவாங்க. கீழ ஒரு வரி எழுதுவாங்க. என் படத்துக்குக் கீழ எழுதியிருக்கிறது இதுதான்: பெரியவர்களின் மரியாதையைக் காப்பவர்.

அதைப் படிக்கிறப்பெல்லாம் காது சூடாயிடுது. எடுத்துருங்கன்னு மேலாளரம்மாகிட்ட சொன்னேன். கூச்சப்படுறேன்னு நெனச்சு அந்தம்மா தோளைத் தட்டிட்டுப் போயிட்டாங்க. கூச்சம் இல்ல தாயே, வெக்கம். இந்த ஊர் இங்கிலீஷ்ல அந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல. அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன்.

நான் ராஜபாளையத்துக்காரன். அயர்லாந்துல கடலோரமா ஒரு சின்ன ஊர்ல குடும்பத்தோட இருக்கேன். பெரியவங்களைக் குளிப்பாட்டுறது, உடுத்திவிடுறது, ஊட்டுறது, விழாமப் பாத்துக்கிடுறது என் வேலை. வந்த புதுசுல ஒரு தாத்தாகிட்ட நம்ம ஊர் ஆஸ்பத்திரி வழக்கத்துல "மோஷன் போனீங்களா"ன்னு கேட்டுட்டேன். மனுசன் சட்டையை மாட்டிக்கிட்டு எங்க கிளம்பணும்னு கேட்டாரு. இப்பிடி விழுந்து எந்திரிச்சுப் படிச்ச தொழில் இது.

இங்க மொத நாள் சொல்லிக் குடுத்த பாடம் கதவைத் தட்டுறது. தட்டணும், நிக்கணும், வான்னு சத்தம் வந்தா உள்ள போகணும். காது கேக்காதவங்க அறையா இருந்தாலும் தட்டணும். நெனவு தப்பினவங்களா இருந்தாலும் தட்டணும். அவங்க சம்மதம் இல்லாம அறைக்குள்ள கேமரா மாதிரி ஒண்ணை மாட்டுறது எங்க இல்லத்துல நடக்காது. இதை நான் புதுசா வர்ற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். வகுப்பெடுக்கிற வாய்தான் இப்ப சொல்லப் போறதையும் சொல்லுது.

2

என் மனைவி முத்துலட்சுமி அவங்க வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை. ஊரு மகாராஜபுரம். என் மாமனார் போலீஸ்ல ஏட்டா இருந்தவரு, போய்ச் சேந்துட்டாரு. அதுக்குப் பொறவு அத்தை அங்க தனியா இருந்தாங்க. ஒருநா குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரங்க கதவை ஒடைச்சுத் தூக்குற வரைக்கும் ஈரத்துலயே கெடந்தாங்க. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு முத்து போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேக்கு.

இங்க கூட்டிட்டு வந்துரலாம்னு விசாவுக்குப் போட்டோம். திருப்பிட்டாங்க. மறுபடி போட்டோம், மறுபடி திருப்பிட்டாங்க. வந்தா திரும்பிப் போவாங்கன்னு நம்ப முடியலையாம். அத்தைகிட்ட சொன்னப்ப அவங்களுக்கு வந்த கோவம் இருக்கே! "ஏட்டி, காலைக் கட்டிப் போட்டாலும் நான் அந்தக் குளிர்ல இருக்கப் போறதில்லன்னு அவியகிட்ட சொல்லக் கூடாதா? இங்க எனக்கு மாடு கெடக்கு, கன்னு கெடக்கு"ன்னாங்க. முத்து சிரிச்சா, பொறவு அழுதா.

கடைசில மாட்டை வித்து, வீட்டைப் பூட்டி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல ரோட்டோரமா இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துல சேத்தோம். தனி அறை. சன்னலைத் திறந்தா தென்னந்தோப்பு, அதுக்கு அங்கிட்டு மலை. எடம் சுத்தமாத்தான் இருந்துச்சு. அத்தையைப் பாத்துக்கிட சண்முகத்தாய்னு ஒரு பொம்பளையைப் போட்டிருந்தாங்க, சோழபுரத்துக்காரி.

இன்னொண்ணும் சொல்லிரணும். நாங்க அந்நியத்துல சம்பந்தம் பண்ணினவங்க. சொந்தத்துல கட்டியிருந்தா அத்தைக்கு நான் மடியில தூக்கி வளத்த பயலா இருந்திருப்பேன், ஏலேன்னு கூப்பிட்டிருப்பாங்க. அந்நியத்து மருமகன்கிறதால மரியாதை கூடிப்போச்சு. கல்யாணமான நாள்லருந்து அத்தை என் முன்னால உக்காந்து நான் பாத்தது கெடையாது. அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. நான் எலைக்கு முன்னால கைக்கெட்டுற தூரத்துல உக்காந்திருப்பேன். "முத்து, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வெக்கட்டுமான்னு கேளு"ம்பாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சுன்னுதான் சொல்லணும். மாப்பிள்ளை மவுசு யாருக்குத்தான் கசக்கும்?

3

கேமரா யோசனை என்னோடது. முத்து கூட, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேப்பமா"ன்னா. "இதுல கேக்க என்னட்டி இருக்கு, அவங்க நல்லதுக்குத்தான"ன்னு வாயை அடைச்சுட்டேன்.

ராஜபாளையத்துல ஒரு கடைக்காரருக்குச் சொன்னேன். அவரு போய்க் கதவுக்கு மேல, கட்டிலைப் பாக்குற மாதிரி மாட்டினாரு. உருண்டையாத் தலை, போன்ல விரலால தள்ளினா அந்தத் தலை கிர்ர்ர்னு திரும்பும். ராத்திரியும் வேலை செய்யும், அப்ப செவப்பா ஒரு பொட்டு எரியும். மாட்டிட்டு அந்தக் கடைக்காரர் அத்தைகிட்ட பெருமையாச் சொல்லியிருக்காரு: "இனி உங்களுக்கு ஒரு கவலை இல்ல ஆச்சி. உங்க மருமகன் வெளிநாட்டுலருந்து எந்நேரமும் இதுல பாத்துக்கிட்டே இருப்பாரு."

நான் சாப்பாட்டு இடைவேளையில திறந்து பாப்பேன். தலையை இப்பிடியும் அப்பிடியும் திருப்புவேன். எப்பப் பாத்தாலும் அத்தை நின்னுக்கிட்டிருப்பாங்க. முந்தானையை இழுத்துப் போத்தி, கட்டில் கம்பியைப் பிடிச்சு, நேரா நிப்பாங்க. எனக்கு எம்புட்டு சந்தோசம்! "பாரு முத்து, இந்த வயசுல கெடையா கெடக்காம எப்பிடித் தெம்பா நிக்காங்கன்னு."

கூட வேலை பாக்குற பொண்ணுகிட்டயும் காட்டினேன். அவ படத்தைப் பாக்கவே இல்ல. "அவங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டா. "எங்க ஊர்ல அதெல்லாம் கேக்க வேண்டியதில்ல, நாங்க குடும்பம்"னு சொன்னேன். எம்புட்டு திமிர் பாருங்க. அவளுக்கு வகுப்பெடுத்ததே நான்தான்.

அதோட இன்னொண்ணு நடந்துச்சு, நாங்க கவனிக்கல. போன் பேசுறது நின்னுபோச்சு. முன்னெல்லாம் ஞாயித்துக்கெழமை ஆனா எங்க மக நிலா தன்னோட அரைத் தமிழ்ல அம்மாச்சிகிட்ட பள்ளிக்கூடத்துக் கதை சொல்லுவா. அம்மாச்சி பாதி புரியாம சிரிப்பாங்க. கேமரா வந்த பொறவு, "அம்மாச்சிக்குப் பேசினியா"ன்னா, "பாத்துட்டேன்ப்பா, ஷீ இஸ் ஸ்டாண்டிங்"னு சொல்லிட்டுத் தன் அறைக்குப் போயிருவா. நானும் அதுக்கு மேல கேக்கல. நல்லாத்தான இருக்காங்க, பாத்தாச்சே.

4

ஒருநா சாயந்தரம் கேமராவுல கட்டில் காலியாக் கெடந்துச்சு. சண்முகத்தாய் கையில ஒரு பாயோட வந்தா, கேமராவுக்கு நேர் கீழ, கதவோரமாக் குனிஞ்சா. பொறவு அத்தை மெள்ள நடந்து வந்து மறைஞ்சு போனாங்க. படத்துல பாயோட ஒரு நுனி மட்டும் தெரிஞ்சுது. அடுத்த நாளும் அதே கதை.

எனக்கு வந்த கோவம் அம்புட்டு இம்புட்டு இல்ல. கட்டில் இருக்கப் பெரிய மனுசியைத் தரையில, அதுவும் கதவைத் திறந்தா தலையில இடிக்கிற எடத்துல படுக்க வெக்கிறாளே! இல்லத்து மேனேஜருக்கு மெயில் எழுதினேன். சும்மா எழுதல, இங்க படிச்ச அத்தனை வார்த்தையும் போட்டு எழுதினேன். பாதுகாப்பு, தரம், அலட்சியம், மனித மாண்பு. பாய் நுனியைப் படமாவும் அனுப்பினேன். அத்தைகிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல.

மேனேஜர் பயந்த சுபாவம். "செஞ்சிருவோம் சார், செஞ்சிருவோம் சார்"னாரு. சண்முகத்தாயை அடுப்படிக்கு மாத்திட்டாரு. தரையில யாரும் படுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுப் பாயையும் எடுத்துட்டாரு. நான் ஜெயிச்சுட்டேன்னு முத்துகிட்ட சொன்னேன்.

அதுலருந்து அத்தை நாற்காலியில உக்காந்திருக்கிறதைத்தான் கேமரா காட்டுச்சு. ராத்திரியும் நாற்காலிதான். தூக்கம் வரலையோ என்னமோன்னு நெனச்சோம். கொஞ்ச நாள்ல மேனேஜர் போன் பண்ணினாரு. ரெண்டு காலும் வீங்கி, ஒரு கால்ல தோல் வெடிச்சு நீர் வடியுதாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல டாக்டர்கிட்ட காட்டினதுக்கு, ராப்பகலாக் காலைத் தொங்கப் போட்டே இருந்தா வீங்காம என்ன செய்யும், இப்பிடியே விட்டா புண்ணு ஆழமாயிரும், காலுக்கே ஆபத்துன்னு சொல்லியிருக்காரு.

"படுக்க வைங்கய்யா!"ன்னு கத்தினேன்.

"படுக்க மாட்டேங்காங்க சார். நாங்க படுக்க வெச்சா, அந்தப் பக்கம் போனதும் எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாங்க. காரணம் கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்காங்க."

முத்துவுக்கு லீவு கெடைக்கல. நான் கெளம்பினேன். அந்த இல்லத்துக்காரங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டு, அத்தையை வேற எடத்துக்கு மாத்துறதுன்னு முடிவு பண்ணித்தான் விமானம் ஏறினேன்.

5

மதுரையில எறங்கி நேரா அங்கதான் போனேன். காலை வெயில் ஏறியிருந்துச்சு. மேனேஜர் வாசல்லயே நின்னாரு. அவரு என்னமோ சொல்ல வந்தாரு, நான் காதுல வாங்கல. அத்தை அறைக்கதவு திறந்து கெடந்துச்சு, விறுவிறுன்னு உள்ள போயிட்டேன். தட்டல.

அத்தை நாற்காலியில இருந்தாங்க. கட்டுத் துணி சுத்தின காலு ரெண்டும் கனத்துப் போய்த் தொங்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் கைப்பிடியை ஊனி, பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க.

"வாங்க மாப்பிள்ளை. நல்லாருக்கியளா? முத்து, பிள்ளை எல்லாம் சௌக்கியமா?"

"உக்காருங்கத்தை, காலைப் பாருங்க எப்பிடி இருக்குன்னு."

"அது கெடக்கு மாப்பிள்ளை. நீங்க உக்காருங்க." இருந்த ஒத்த நாற்காலியை முந்தானையால தொடைச்சு என் பக்கம் நகட்டினாங்க.

நான் உக்காந்தேன். ஆமாங்க, உக்காந்தேன். காலு வீங்கினவங்களை நிக்க வெச்சுட்டு, பெரியவங்க மரியாதையைக் காக்கிறவன் நாற்காலியில உக்காந்தான். பழக்கம் அம்புட்டு சொகமா இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்து எனக்கே என்னமோ மாதிரி இருக்கவும் எந்திரிச்சு சன்னல் பக்கம் போய் வெளிய பாத்து நின்னேன். நான் முதுகைக் காட்டினதும் பின்னால கட்டில் முனங்குற சத்தம் கேட்டுச்சு. ஓரத்துல ஒதுங்கி உக்காந்திருக்காங்க.

அந்நேரம் முத்து போன் பண்ணினா. ஒலிபெருக்கில போட்டேன். "போயிட்டீங்களா? இருங்க, கேமராவைத் திருப்பி ரெண்டு பேரையும் பாத்துக்கிடுதேன்"னா.

கதவுக்கு மேல கிர்ர்ர்னு சத்தம். அத்தை சடார்னு எந்திரிச்சாங்க. நான் திரும்பிப் பாத்தேன். முந்தானையை இழுத்துத் தோளை மூடி, கட்டில் கம்பியைப் பிடிச்சு, கேமராவைப் பாத்து நேரா நின்னாங்க. போன்ல நான் தெனமும் பாத்துச் சந்தோசப்பட்ட அதே நிலை.

பொறவு என்னைப் பாத்தாங்க. மறுபடி கேமராவைப் பாத்தாங்க. மூஞ்சில ஒரு கொழப்பம்.

"மாப்பிள்ளை இங்க நிக்கிய. அப்ப அதுல பாக்கது யாரு?"

"முத்துதான் அத்தை."

"முத்துவா? முத்துவும் இதுல பாப்பாளா?"

"அவதான் ரொம்பப் பாப்பா. நான் சாப்பிடுற நேரத்துல செத்த நேரம் பாக்கிறதோட சரி."

அத்தை பொத்துன்னு கட்டில்ல உக்காந்துட்டாங்க. "அட பாவி மகளே, நீதான்னு தெரிஞ்சிருந்தா நான் பாட்டுக்குப் படு..." சொல்லிக்கிட்டே வந்தவங்களுக்கு நான் நிக்கிறது நெனவு வந்துருச்சு. வார்த்தையை முழுங்கிட்டு மறுபடி கம்பியைப் பிடிச்சு எந்திரிச்சாங்க.

அத்தனை நாளும் அந்தக் கதவுக்கு மேல நான் உக்காந்திருந்திருக்கேன். காலையில நான், மத்தியானம் நான், செவப்புப் பொட்டு எரியுற ராத்திரியெல்லாம் நான். மருமகன் பாக்க எப்பிடிக் காலை நீட்டிப் படுக்கிறதுன்னு நின்னிருக்காங்க. நிக்க முடியாமப் போனப்ப, என் பார்வைக்குத் தப்பி ஒதுங்குறதுக்குக் கதவோரமா ஒரு பாய் கேட்டு வாங்கியிருக்காங்க. அதையும் மெயில் எழுதிப் பிடுங்கினவன் நான். பாயும் போன பொறவு, என் கண்ணு முன்னால படுக்கிறதுக்கு நாற்காலி தேவலன்னு அதுல தொங்கிட்டு இருந்திருக்காங்க.

போன்ல முத்து அழுற சத்தம் கேட்டுச்சு. "எம்மா, அதுக்காகவா படுக்காம கெடந்த? என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ எங்கட்டி பேசின, சொல்லுறதுக்கு?"ன்னு கேட்டுட்டு, என் பக்கம் பாத்துக் கொரலை எறக்கிட்டாங்க. "மெள்ளப் பேசு, மாப்பிள்ளை நிக்காவ."

இப்பவாவது முறைப்படி கேப்போம்னு நெனச்சேன். தொழில்ல கேக்கிற மாதிரியே பக்குவமாக் கேட்டேன். "அத்தை, இது உங்க அறை. இந்தக் கேமரா இருக்கணுமா வேண்டாமாங்கிறது உங்க விருப்பம். எதுன்னாலும் எனக்குச் சங்கடம் இல்ல."

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

"என் இஷ்டம் இல்லத்தை, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

"நீங்க பாத்துச் செய்யுறதுதான் மாப்பிள்ளை."

அம்புட்டுத்தான். என்கிட்ட வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு வாயே கெடையாது. நான் எப்பிடிக் கேட்டாலும் அது கேள்வி இல்ல, உத்தரவு. முத்து போன்லருந்து, "அம்மா, நான் கேக்கேன் சொல்லு, இருக்கட்டுமா?"ன்னா. அத்தை போன் பக்கமாக் குனிஞ்சு, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு, "கழத்திரச் சொல்லுட்டி"ன்னாங்க.

அடுப்படிக்குப் போய் சண்முகத்தாயைப் பாத்தேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. நடந்ததைச் சொல்லி, தப்பு என்னோடது, மேனேஜர்கிட்ட சொல்லுறேன், பழையபடி அத்தைகூட இருன்னு கேட்டேன்.

"ஆச்சி பாய் கேட்டாவ, போட்டேன். கட்டில்லருந்து விழுந்துருவோம்னு பயப்படுதாவன்னு நெனச்சேன். எனக்கு வேறென்ன தெரியும்?" அவ நிமிந்து பாக்கல. "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன் அண்ணாச்சி. இங்க யாரும் படம் பிடிக்கதில்ல."

மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். அவ அடுத்த வெங்காயத்தை எடுத்தா. மேனேஜர்கிட்ட போய், அந்த மெயில்ல இருந்தது அத்தனையும் தப்புன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னேன். அவரு வழக்கம்போல "செஞ்சிருவோம் சார்"னாரு.

திருகாணி கழத்துறதுக்குத் திருப்புளி ஒண்ணு அவருகிட்டயே வாங்கிட்டு அறைக்குப் போனேன். இந்தத் தடவை கதவைத் தட்டிட்டு நின்னேன். "யாரு?"ன்னு கேட்டாங்க. "நான்தான் அத்தை"ன்னேன். வாங்கன்னு சத்தம் வர்றதுக்கு முன்னால கட்டில் முனங்கிச்சு. நான் உள்ள போறப்ப நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

நாற்காலியைப் போட்டு ஏறித் திருகாணியைக் கழத்த ஆரம்பிச்சேன். அத்தை கீழருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கேமரா கைக்கு வந்ததும் அவங்க மூஞ்சி வாடிப்போச்சு.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டியளே?"

"கேளுங்கத்தை."

"முத்து கழத்தச் சொன்னான்னு கோவிச்சுக்கிட்டுத்தான் கழத்துதியளோ? நான் ஏதும் மரியாதைக் கொறவா நடந்துக்கிட்டனா? ஒரு நாக்கூட உங்க முன்னால நான் காலை நீட்டலையே மாப்பிள்ளை."

நாற்காலி மேல நின்னுக்கிட்டு அந்தப் பெரிய மனுசியைக் கீழ குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன். செத்துறலாம் போல இருந்துச்சு. இல்லத்தை, நீங்க ஒரு கொறையும் வெக்கலன்னு சொல்லிட்டு எறங்கினேன். "படுங்க அத்தை, நான் போயிட்டு நாளைக்கு வாரேன்"னேன். "சரி மாப்பிள்ளை"ன்னாங்க. படுக்கல.

வெளிய வந்து கதவைச் சாத்திட்டு நடையில நின்னேன். உள்ள கட்டில் முனங்குற சத்தம் கேக்கல. சண்முகத்தாய் ஈரக்கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டே அடுப்படியிலருந்து வந்தா. என்னைத் தாண்டி உள்ள போனா. கொஞ்ச நேரத்துல தலையை மட்டும் வெளிய நீட்டினா.

"அண்ணாச்சி, உங்க செருப்புக் காலு கதவுக்கு அடியில தெரியுது. ஆச்சி நின்னுக்கிட்டே இருக்காவ. நீங்க இங்கன இருக்க வரைக்கும் அவிய படுக்க மாட்டாவ. ரோட்டுக்குப் போங்க."

போனேன். கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடை நெழல்ல நின்னேன். ராஜபாளையம் போற பஸ் ஒண்ணு வந்துச்சு, விட்டுட்டேன். அதுக்குப் பொறவு சண்முகத்தாய் வாசலுக்கு வந்தா. ரோட்டைத் தாண்டிக் கத்தினா ஆச்சி முழிச்சுக்கிடுவாங்கன்னோ என்னமோ, கையைக் கன்னத்துல வெச்சுத் தலையைச் சாய்ச்சுக் காட்டினா. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, காலை நீட்டியாச்சுன்னும் காட்டினா. பொறவு, இன்னும் ஏன் நிக்கியன்னு கேக்கிற மாதிரி என்னைப் பாத்து, போ போன்னு கையை வீசினா.